சறுக்குமலையில் நடுப்படி எங்கே?

மேட்டூர் அணைக்கும் தாரமங்கலத்துக்கும் இடையில் இருக்கும் ஜலகண்டாபுரம் ஒரு நெசவூர். தறிகள் சேர்ந்தாற்போல் நிற்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கோடையில் 40 டிகிரியை எட்டும் இந்தச் சமவெளிக்குப் பழக்கமான குளிர் என்றால் அது ஏற்காட்டுக் குளிர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மலையில் மூடுபனி இறங்கும், ஸ்வெட்டர் தேவைப்படும், வெண்பனி மட்டும் விழாது. ஆனாலும் பனிமலை இந்தப் பக்கத்துக்கு இன்று அந்நியமாக இல்லை. சேலம், எடப்பாடி, நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் டெல்லி, ஆக்ரா, மணாலி, காஷ்மீர் என்று டூர் போகின்றன. வாடகைக் கோட்டும் கம்பூட்டும் மாட்டிக்கொண்டு பனியில் நிற்கின்றன, உருட்டி எறிந்து விளையாடுகின்றன, படம் எடுத்துக்கொள்கின்றன. பனியில் சறுக்கக் கற்றுக்கொண்டு திரும்பும் குடும்பத்தைக் காண்பதுதான் அரிது.

ஏன் அரிது? பணம், தூரம், பயம் என்று காரணங்கள் சொல்லலாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் அந்த மலைகளிலேயே இருக்கிறது. இந்தியாவின் பனிச்சறுக்குத் தலங்கள் இரண்டு வகை மனிதர்களுக்காக வளர்ந்திருக்கின்றன. அரை மணி நேரம் பனியில் விளையாடிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் சுற்றுலாப் பயணி ஒருவர். உலகமெங்கும் சறுக்கித் தேர்ந்து, யார் தடமும் படாத பனியைத் தேடி வருகிறவர் இன்னொருவர். ஒன்றும் தெரியாமல் வந்து, பத்து நாளில் ஓரளவு இறங்கப் பழகி, அடுத்த ஆண்டும் வர ஆசைப்படுகிறவருக்கான படி இவ்விருவருக்கும் நடுவே மெலிந்து கிடக்கிறது. அந்த நடுப்படி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, சமவெளிக்காரர் அதில் எப்படிக் கால் வைக்கலாம் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பனிச்சறுக்கை விடுமுறைத் தொழிலாக்கியவை ஆல்ப்ஸ் மலைகள். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஹோட்டல் நடத்திய யோஹானஸ் பாத்ருட், கோடையில் வந்திருந்த ஆங்கிலேய விருந்தினர்களைக் குளிர்காலத்திலும் வரும்படி 1864-இல் அழைத்தாராம். பிடிக்காவிட்டால் பயணச் செலவைத் தானே தருவதாகப் பந்தயமும் கட்டினாராம். அதுவரை குளிர்காலத்தில் பூட்டிக் கிடந்த மலையூர்கள் அதன்பிறகு திறந்தன என்று அந்த ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. விடுமுறையைச் சாமானியர் பக்கம் கொண்டுவந்தது லிஃப்ட். 1934-இல் டாவோஸில் இழுவை லிஃப்ட் ஓடத் தொடங்கியது. 1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் நாற்காலி லிஃப்ட் வந்தது. ஒரு முறை இறங்குவதற்காக அரை நாள் ஏறிய காலம் போய், ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை இறங்கிப் பழக முடிந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த வாய்ப்பைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கற்றுக்கொடுப்பதிலும் ஒழுங்கு வந்தது. ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலையில் ஹானஸ் ஷ்னைடர் படிப்படியான பயிற்சி முறையை வகுத்தார். முதலில் வேகத்தைத் தடுத்து இறங்குவது, பிறகு திரும்புவது, கடைசியில் இரண்டு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்புவது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வகுப்பு. ஐரோப்பியத் தலங்கள் பலவற்றில் தடங்களுக்கே நிறம் உண்டு. பச்சை முதல் நாள் வந்தவருக்கு, நீலம் அடுத்தவருக்கு, சிவப்பு நன்றாகப் பழகியவருக்கு, கறுப்பு தேர்ந்தவருக்கு. காலையில் ஒன்றாக மேலே போகும் குடும்பத்தில் தாத்தா பச்சையிலும் பேத்தி சிவப்பிலும் இறங்கி, மதியம் ஒரே மேசையில் சாப்பிடலாம். ‘எல்லா நிலையினருக்குமான தலம்’ என்று விளம்பரங்களில் வருவதன் நிஜமான பொருள் இதுதான். மலை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிலைக்கும் தனித் தடம் வேண்டும், அதை இரவில் எந்திரம் வைத்துச் சமன்படுத்த வேண்டும், அதன் அடியில் ஒரு லிஃப்ட் வேண்டும், பக்கத்தில் ஒரு பள்ளி வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஈழத் தமிழர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அங்கே பள்ளிகள் மாணவர்களைக் குளிர்காலத்தில் ஒரு வாரம் மலைக்குக் கூட்டிப்போய்ச் சறுக்கக் கற்றுக்கொடுப்பது நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து போன தாய்தகப்பன் பனியைப் பார்த்து மலைத்து நின்ற இடத்தில் பிள்ளைகள் வகுப்புத் தோழர்களோடு சறுக்கி இறங்குகிறார்கள். வெப்ப நாட்டு உடம்புக்கு இது வராது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பழக்கிவிட ஓர் ஏற்பாடு இருந்தால் வருகிறது.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சறுக்கும் பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. கொக்கிகளை இறுக்கியதும் கணுக்கால் அசையாது. முழங்காலை மடக்கினால் முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தும். அந்த அழுத்தம்தான் பலகைக்குப் போகும் கட்டளை. முன்விரல் பக்கத்தைப் பலகையின் பைண்டிங் பூட்டில் நுழைத்துக் குதிகாலால் ஓங்கி மிதித்தால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். விழும்போது கால் முறுகினால் அதுவே கழன்று விடும்படி எடைக்கும் திறமைக்கும் ஏற்பத் திருகி வைத்திருப்பார்கள். வாடகைக்கு எடுக்கும்போது எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்பது அதனால்தான். முதல் பாடம், பலகைகளின் முன்முனைகளை நெருக்கி வாலை அகட்டி, கூரைவீட்டு முகட்டைப் போல ஒரு கோணம் அமைப்பது. குதிகாலை வெளியே தள்ளத் தள்ள உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகம் குறையும். இடது காலில் எடை போட்டால் வலப்பக்கம் திரும்பும், வலது காலில் போட்டால் இடப்பக்கம். பயந்த உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். சாய்ந்த உடனே பலகை கட்டுப்பாட்டை விட்டு ஓடும். சரிவைப் பார்த்து முன்னால் சாய்ந்து நிற்கத் துணிவதே தொடக்கக்காரரின் முதல் வெற்றி. தினமும் நாலைந்து மணி நேரம் பழகினால் மூன்று நான்கு நாட்களில் பெரும்பாலோருக்கு இது கைவந்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு குல்மார்க் போகலாம்.

காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க் புல்வெளி. 1927-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கூடிச் சறுக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் அந்தக் கூட்டம் கலைந்தது. 1948-இல் ராணுவம் தன் வீரர்களுக்காக ஒரு சறுக்குப் பள்ளியை இங்கே அமைத்தது. உயர்மலைப் போர்முறைப் பள்ளி என்று இன்று அறியப்படுவது அதன் வளர்ச்சிதான். 1968-இல் பொதுமக்களுக்கும் கற்றுக்கொடுக்க மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் வந்தது. ஊரின் முகத்தையே மாற்றியது கொண்டோலா. பிரெஞ்சு நிறுவனம் போமா அமைத்த இந்தக் கம்பிவடப் பாதையின் முதல் கட்டம் 1998-இல் கோங்டோரி வரையும், இரண்டாம் கட்டம் 2005-இல் அபர்வத் மலைத் தோள் வரையும் ஓடத் தொடங்கியது. மேல் நிலையத்தின் உயரம் 3,900 மீட்டருக்கும் அதிகம். உலகின் மிக உயரமான கொண்டோலாக்களில் இது ஒன்று. பழனியில் ரோப் கார் ஏறிப் பழகியவர்கள் அந்த அனுபவத்தைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தால்தான் இந்த ஏற்றம் பிடிபடும்.

குல்மார்க்கின் அடிவாரத்தில் மென்சரிவுகள் உண்டு. கிண்ணம் போன்ற அந்தப் புல்வெளி குளிர்காலத்தில் முழுதாக வெளுத்துவிடும். சிறு இழுவை லிஃப்டுகள், வாடகைக் கருவிக் கடைகள், உள்ளூர்ப் பயிற்றுநர்கள், மரத்தாலான சறுக்குவண்டியில் பயணிகளை உட்காரவைத்து இழுத்துச் செல்லும் தொழிலாளர்கள் என எல்லாம் இங்கேதான். முதல் மூன்று நாளுக்கு இதைவிட நல்ல இடம் இந்தியாவில் கிடையாது. மறுகோடியில் அபர்வத். லிஃப்டிலிருந்து இறங்கினால் நாலா பக்கமும் சமன்படுத்தாத இயற்கைப் பனி. அங்கிருந்து பாபா ரேஷி தர்கா பக்கமும் திராங் பக்கமும் தங்மார்க் பக்கமும் காட்டு வழியே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கலாம். ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும் ஆண்டுதோறும் தேடி வருவது இதற்காகத்தான். நடுவில் என்ன இருக்கிறது? கோங்டோரியிலிருந்து மேரீஸ் ஷோல்டர் என்ற இடத்துக்கு ஒரு நாற்காலி லிஃப்ட், சில தடங்கள். அவ்வளவுதான். ஆல்ப்ஸின் சாதாரண ஊர் ஒன்றில் நீலமும் சிவப்புமாக எத்தனையோ தடங்கள் ஓடும் இடத்தில், குல்மார்க் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தருகிறது. அடிவாரத்தில் தேறிய ஒருவர் அடுத்த நாள் எங்கே போவது? மேலே போனால் உயிருக்கு ஆபத்து. கீழே இருந்தால் அலுப்பு.

உயிருக்கு ஆபத்து என்பது மிகையான பேச்சில்லை. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க் அருகே பனிச்சரிவில் சிக்கிப் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். மலையைத் தொழிலாகவே கற்றவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் சரிவில் போலந்தைச் சேர்ந்த இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இதே விதமாக மாண்டார்கள். குல்மார்க்கில் ரோந்துப் படை இருக்கிறது; வெடி வைத்துப் பனியைத் தளர்த்திப் பாதுகாப்பாக்கும் பகுதியும் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் பொறுப்பு முழுக்க இறங்குகிறவருடையது. உடலில் கட்டும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மடக்கு மண்வெட்டி ஆகிய மூன்றும் இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் இல்லாமல் யாரும் அங்கே போகக் கூடாது. பனிக்குள் புதைந்தவருக்கு முதல் கால் மணி நேரம்தான் நம்பிக்கை. அதற்குள் தோண்டி எடுக்கக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர் மட்டுமே. சமவெளியிலிருந்து வருகிறவர் கொண்டோலாவில் ஏறி மேலிருந்து மலையைப் பார்த்துவிட்டு, கொண்டோலாவிலேயே இறங்கி வருவதில் எந்தக் குறையும் இல்லை.

நடுப்படிக்கு இந்தியாவில் ஓரளவு நெருங்கி வருவது உத்தரகாண்டின் ஔலி. சமோலி மாவட்டத்தில் ஜோஷிமடத்துக்கு மேலே, 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை ஏறும் சரிவு, எதிரே நந்தாதேவி. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை தன் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனத்தை வைத்திருப்பதும் இங்கேதான். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் கற்றுக்கொள்கிறவரை அச்சுறுத்தாமல், சலிப்பூட்டாமல் இறங்குகிறது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் சறுக்குப் பிரிவுகள் ஔலியில் நடந்தன. அதற்காகச் செயற்கைப் பனி எந்திரங்களையும் கொண்டுவந்தார்கள். கர்வால் மண்டல வளர்ச்சி நிறுவனம் நடத்தும் 7 நாள், 14 நாள் பயிற்சிகளில் தங்குமிடம், உணவு, கருவி, வகுப்பு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். முதல்முறை போகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

ஔலிக்கும் சோதனை வந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமடம் நகரமே மண்ணில் அமிழத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, ஜோஷிமடத்திலிருந்து ஔலிக்கு ஓடிய 4 கிலோமீட்டர் ரோப்வேயும் நின்றுபோனது. பழைய நிலச்சரிவு மண்மேல் எழுந்த ஊர் இது. 1976-லேயே மிஸ்ரா குழு இங்கே பெரிய கட்டுமானங்கள் கூடாது என்று எச்சரித்திருந்தது. சுரங்கம், சாலை, கட்டடம், கழிவுநீர் என்று எதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் சறுக்கு விடுமுறைக்கு வரும் கூட்டத்தின் தண்ணீரும் கழிவும் ஹோட்டல்களும் அதே மண்மேல்தான் ஏறுகின்றன. மலையில் எதைக் கட்டினாலும் அடிவாரத்து ஊரின் தாங்கும் சக்தியை முதலில் கணக்கிட வேண்டும் என்பதை ஔலி மிகுந்த விலை கொடுத்துக் காட்டியிருக்கிறது.

இதே கேள்வியை மணாலிக்காரர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் ஆல்ஃபிரட் ஃபோர்டின் பின்பலத்தோடு, 2000-களின் நடுவில் மணாலிக்கு மேலே ‘ஹிமாலயன் ஸ்கீ வில்லேஜ்’ என்ற மிகப் பெரிய தலம் ஒன்றுக்குத் திட்டம் வந்தது. முதலீடு 30 கோடி டாலர் என்று பேசப்பட்டது. லிஃப்டுகள், ஹோட்டல்கள், எல்லா நிலைக்குமான தடங்கள் என்று காகிதத்தில் குறையில்லை. குலு பள்ளத்தாக்கில் ஊர்தோறும் தெய்வம் உண்டு. பெரிய முடிவுகளுக்குத் தெய்வங்களைக் கூட்டி, அவற்றின் சார்பில் ‘குர்’ எனப்படும் சாமியாடிகள் வாக்குச் சொல்வது வழக்கம். 2006 பிப்ரவரியில் நக்கரில் கூடிய அந்தச் சபை திட்டத்தை மறுத்தது. சாமியாடியிடம் வாக்குக் கேட்டுக் காரியம் தொடங்கும் வழக்கமுள்ள சேலத்துக் கிராமங்களுக்கு இதன் கனம் புரியும். தெய்வ வாக்குக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம், காடு, குடிநீர் பற்றிய அச்சம் இருந்தது; வழக்குகளும் போராட்டங்களும் தொடர்ந்தன. அந்தத் தலம் எழவேயில்லை. நல்ல தடங்கள் ஒரு வாய்ப்பை இழந்தன என்று வருந்துகிறவர்கள் உண்டு. ஜோஷிமடத்தைப் பார்த்த பிறகு, மலைக்காரர்களின் அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மணாலிக்கு இன்று மிஞ்சியிருப்பது 13 கிலோமீட்டர் தள்ளியுள்ள சோலாங் பள்ளத்தாக்கின் சிறு சரிவும், கோடைப் பயணிகள் முண்டியடிக்கும் ரோத்தாங் கணவாயும். சுமார் 3,980 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங்குக்கு ஒரு நாளைக்கு 1,200 வண்டிகள்தான் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு விதித்திருக்கிறது. வழிநெடுக எண் போட்ட கடைகளில் கோட்டும் கம்பூட்டும் ஸ்கீயும் வாடகைக்குக் கிடைக்கும். மே மாதத்து அழுக்குப் பனியில், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பத்து நிமிடம் நடத்திப் பணம் வாங்கிக்கொள்வதற்கும் சறுக்குக்கும் சம்பந்தமில்லை. அதில் காலை முறித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரியும் நார்கண்டாவும் பழைய பெயர்கள். பனி விழும் ஆண்டில் மட்டும் உயிர் பெறும்.

நடுப்படி என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை பயிற்சி நிறுவனங்களே. குல்மார்க்கின் மத்திய அரசு நிறுவனம், மணாலியில் 1961-இல் தொடங்கி இன்று அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் இயங்கும் மலையேற்ற நிறுவனம், பஹல்காமின் ஜவாஹர் நிறுவனம், ஔலியின் கர்வால் மண்டலப் பயிற்சி ஆகியவை தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என்று வகுப்பு வைத்திருக்கின்றன. தனியார் ரிசார்ட் ஒன்றில் மூன்று நாள் தங்கும் செலவை வைத்துக்கொண்டு இவற்றில் முழுப் பயிற்சியே முடித்துவிட முடியும். விடுதி எளிமையானது, விடியற்காலை உடற்பயிற்சி கட்டாயம், சாப்பாடு வட இந்தியச் சாப்பாடு. விடுமுறை என்றால் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சறுக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நேர்வழி நம் நாட்டில் இல்லை.

மலையில் பிறந்தவர்களுக்கே இந்தப் படி எவ்வளவு செங்குத்தாக இருந்தது என்பதற்கு ஒலிம்பிக் வரலாறு சாட்சி. இந்தியாவின் பெயரில் குளிர்கால ஒலிம்பிக்கில் முதலில் இறங்கியவர் போலந்து வம்சாவளியினரான ஜெரமி புயகோவ்ஸ்கி, 1964-இல் இன்ஸ்புருக்கில். குல்மார்க்கில் தந்தை நடத்திய சறுக்குக் கருவிக் கடையை ஒட்டி வளர்ந்து, நான்கு வயதில் பலகை மாட்டிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி ஏந்தினார். ஜயன்ட் ஸ்லாலம் என்ற சறுக்குப் பந்தயத்தில் 45-ஆம் இடம். மணாலி பக்கத்து ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியில் வென்ற வெண்கலம், சறுக்கில் இந்தியாவின் முதல் சர்வதேசப் பதக்கம். தெற்கிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். குடகைச் சேர்ந்த பவானி தெக்கட நஞ்சுண்டா, சமதளப் பனியில் நெடுந்தூரம் ஓடும் சறுக்குப் பிரிவில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டு வருகிறார். 2025 ஜனவரியில் லேயில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் தமிழ்நாட்டு ஸ்கேட்டிங் வீரர்கள் தங்கம் வென்றார்கள். சக்கரத்தில் பழகிய கால் பனிக்கட்டியில் நின்றது. சறுக்குக்கு அப்படி ஒரு வாசல் தமிழ்நாட்டில் இன்னும் திறக்கவில்லை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் செயற்கைப் பனிக்கூடங்கள் விளையாட்டுக்குத்தான் உதவும். 2005-இல் திறந்த ஸ்கீ துபாயில் 400 மீட்டர் தடம் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் பாடத்தை அங்கே படித்துக்கொள்ளலாம்.

சமவெளிக் குடும்பத்துக்கு உண்மையான இடைஞ்சல் காலண்டரில் இருக்கிறது. நமக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். சறுக்குப் பருவமோ டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை ‘சில்லை கலான்’ என்கிறார்கள். விழுந்த பனி உருகாமல் அடுக்கடுக்காகச் சேரும் காலம் அது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அதற்குள் வந்துவிடுகின்றன. தறி நிற்கும் அந்த நாட்களோடு சில நாட்களைக் கூட்டிக்கொண்டால் 7 நாள் பயிற்சிக்கு வழி பிறக்கும். மே மாதம்தான் முடியும் என்றால், சறுக்கை மறந்துவிட்டு அபர்வத்தின் மிச்சப் பனியை மட்டும் பார்த்து வருவது நேர்மையான திட்டம்.

போக்குவரத்து முன்பைவிட எளிது. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை சேலம் வழியாகக் கட்ரா போகிறது; சேலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை நாள் பயணம். 2025 ஜூன் 6 அன்று திறந்த, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரமுள்ள செனாப் பாலம் கட்ராவை ஸ்ரீநகரோடு ரயிலில் இணைத்துவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வழியாகக் குல்மார்க் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடும்பனி நாட்களில் தங்மார்க்குக்கு மேலே சங்கிலி கட்டிய சக்கரம் இல்லாத வண்டி ஏறாது. அதே 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றதையும் மறைத்துவிட்டுப் பேச முடியாது. கிளம்பும் முன் அரசின் அறிவிப்புகளைப் பார்ப்பதும், பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்வதும் அவசியம். சாகச விளையாட்டுக்குப் பொருந்தும் காப்பீடும் வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சறுக்கு விபத்து அடங்காது.

உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சேலம் நகரம் 278 மீட்டரில் இருக்கிறது. குல்மார்க்கில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அபர்வத் மேல் நிலையத்தில் மூன்றில் இரண்டு பங்கும் இல்லை. முதல் நாள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். ஒரு நாள் சும்மா இருந்து, நிறையத் தண்ணீர் குடித்து, மது தவிர்த்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். தலைவலியோடு தள்ளாட்டமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மேல் நிலையத்துக்குப் போகக் கூடாது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி முகத்தில் அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் இரவில் கண்ணில் மணல் கொட்டியதாக எரியும். உடுப்பில் ஜலகண்டாபுரத்துக்காரர்கள் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு: பருத்தி ஆகாது. வேர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத மேலாடை என்று மூன்று அடுக்கு தேவை.

கால் வலு பற்றி இந்தப் பக்கத்தார் கவலைப்பட வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தே போகும் பூமி இது. தொடையும் முழங்காலும் பழகியிருந்தால் சறுக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

மிச்சமிருக்கும் பெருங்கவலை பனியே. காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள். 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் அவை வரவேயில்லை. குல்மார்க் பொட்டலாகக் கிடந்தது, முன்பதிவு செய்தவர்கள் ரத்து செய்தார்கள், குதிரைக்காரர்களும் வாடகைக் கடைக்காரர்களும் பயிற்றுநர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாதக் கடைசியில்தான் வெளுத்தது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இது நம் நாட்டுக் கவலை மட்டுமில்லை. பொலிவியாவில் 5,300 மீட்டருக்கு மேல் இருந்த சகல்தாயா ஒருகாலத்தில் உலகின் மிக உயர்ந்த சறுக்குத்தலம்; அதன் பனியாறு 2009-இல் முற்றாக மறைந்தது. ஆல்ப்ஸில் தாழ்வான ஊர்கள் லிஃப்டைக் கழற்றிக்கொண்டிருக்கின்றன. உயர்ந்த ஊர்களுக்குக் கூட்டம் கூடுகிறது. 2,300 மீட்டரில் இருக்கும் பிரான்சின் வால் தோரான்ஸ் தன் உயரத்தையே விளம்பரமாக வைத்துப் பிழைக்கிறது. அந்தக் கணக்கில் குல்மார்க்குக்கும் ஔலிக்கும் உயரம் ஒரு வரம்தான். ஆனால் மழையோ பனியோ எதுவுமே வராத ஜனவரியை உயரம் சரிசெய்யாது.

அதனால் தேதியைப் பிப்ரவரி முதல் பாதிக்குத் தள்ளிவைப்பது பாதுகாப்பானது என்று அடிக்கடி போகிறவர்கள் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது முடியாது. கல்லூரி மாணவர்களுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் முடியும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் என்.சி.சி. பிரிவுகளும் உடற்கல்வித் துறைகளும் மலையேற்றப் பயிற்சிகளுக்கு மாணவர்களை அனுப்பிப் பழகியவை. அதே நிறுவனங்களின் சறுக்கு வகுப்புக்கும் ஆண்டுக்கு ஒரு குழுவை அனுப்ப, கருவிக்கோ தளத்துக்கோ அரசு ஒரு காசும் போட வேண்டியதில்லை. ரயில் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் போதும். இந்தப் பயிற்சிகளில் இடம் குறைவு. விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றும் கேட்பார்கள். தீபாவளி முடிந்த கையோடு நிறுவனங்களின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தால்தான் ஜனவரி, பிப்ரவரி வகுப்பில் இடம் கிடைக்கும்.